சிவப்புப் புள்ளி வைத்த கிண்ணம்

போன வாரம் மேசையம்மாவைத் திட்டித் தீர்த்த வாசகர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். திட்டியதில் தப்பே இல்லை. எழுதுகிற எனக்கே அவளை இரண்டு உலுக்கு உலுக்கலாமா என்றிருந்தது. ஆனால் அவள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு, மனசு வந்தால் மறுபடியும் திட்டலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

புதிதாகக் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிறன்று, சர்ச்சில் திருவிருந்து மேசையைத் தயார் செய்கிறவள் அவள்தான். துணி விரிப்பது, அப்பம் நறுக்குவது, திராட்சரசம் ஊற்றுவது எல்லாம் அவள் கை வேலை. அதனால்தான் மேசையம்மா என்று பேர். மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று போய்விட்டார். பிணவறையில் அவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலை வாரி அனுப்பியவள் அங்கே வேலை பார்த்த ஒரு சின்னப் பெண். மேசையம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்று அழுதாள்.

பக்கத்தில் நின்ற மகன், லிஃப்ட் மெக்கானிக், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நன்றி சொல்ல ஒரு தடவை போனான். நன்றி சொல்ல யாராவது பதினேழு தடவை போவார்களா? இவன் போனான். இப்போது அந்தப் பெண் இந்த வீட்டு மருமகள்.

அவள் எந்தச் சாமியும் சொல்லித்தராத ஒரு விடுதியில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு சர்ச்சுக்கு வந்தாள், உட்கார்ந்தாள், கேட்டாள், தானாகவே போதகரிடம் போய்ப் பேசினாள். போன மாதம் ஞானஸ்நானம் ஆயிற்று. இந்த ஞாயிறு அவளுக்கு முதல் திருவிருந்து.

அங்கேதான் வம்பு. அந்தச் சர்ச்சில் காலங்காலமாக ஒரே பெரிய வெள்ளிக் கிண்ணம். எல்லாரும் வரிசையாக முழங்கால் போட்டு அதிலேயே குடிப்பார்கள். "பொணம் கழுவுறவ குடிச்ச கிண்ணத்துல நாங்களா?" என்று நாலு குடும்பம் முணுமுணுத்தது. சபைக் கமிட்டிச் செயலாளர் மருந்துக்கடைக்காரர். அவர் கிருமி, தொற்று என்று பெரிய பெரிய வார்த்தையாகப் பேசி, ஆளுக்கொரு குட்டி எவர்சில்வர் கிண்ணம் வரவழைத்துவிட்டார். போதகர் பாவம், நல்லதுக்குத்தான் என்று நம்பிவிட்டார். அப்புறமும் நாலு குடும்பத்துக்கு நிம்மதி இல்லை. அவள் குடித்த கிண்ணம் கழுவி அடுத்த மாதம் நம் கைக்கு வந்துவிட்டால்?

"ஒரே ஒரு கிண்ணத்துல அடையாளம் வச்சிடுங்க மேசையம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "எப்பவும் அது அந்தப் பொண்ணுக்கே போற மாதிரி தட்டுல வைங்க. யாருக்கும் தெரியாது. இல்லைன்னா எல்லார் முன்னாடியும் பேசற மாதிரி ஆயிடும்."

எல்லார் முன்னாடியும். அந்த வார்த்தையில்தான் மேசையம்மா விழுந்தாள். அந்தப் பிள்ளை கூட்டத்தில் கூனிக்குறுகி நிற்பதைவிட, அடியில் யாருக்கும் தெரியாத ஒரு புள்ளி பரவாயில்லை. எப்படியாவது அவள் உள்ளே வந்துவிடட்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கிண்ணத்தின் அடியில் புள்ளி வைத்தாள். இதுதான் அவள் பக்கத்து நியாயம். அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

காலை ஐந்தரைக்கே வீட்டில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். மருமகள் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை கழுவுவது ஒரு தனிக் கணக்கு. முதலில் உள்ளங்கை, பிறகு விரல் இடுக்கு, நகத்தடி, கடைசியில் முழங்கை வரைக்கும். டீ போடுவதற்கு முன்னும் இதே, துணி மடிப்பதற்கு முன்னும் இதே. இந்த வீட்டிலேயே சுத்தமான கை எது என்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"அத்தை, நான் முதல்ல போய் முட்டி போடணுமா, எல்லாரும் போன அப்புறமா?"

"யார் முதல்லங்கிற கணக்கெல்லாம் அங்க கிடையாது கண்ணு. மேசை போடுறவ மட்டும்தான் கடைசி. அது நான்."

"கையை இப்படி வைக்கணுமா? வலது மேலயா, இடது மேலயா? ஏதாவது தப்பாப் பண்ணிட்டா?"

"தப்புப் பண்ணா ஆண்டவர் லிஃப்ட்டை நிறுத்திடுவாரா?" என்றான் மகன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினான். ஒரே கையை மூன்று தடவை தேய்த்துவிட்டான், அவ்வளவு பதற்றம். "நடுவுல மாட்டினவங்களை நான் போய்த் திறந்து விடுவேன். இன்னைக்கு எனக்கே நெஞ்சு ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குது."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டீ டம்ளரை மாமியார் கையில் கொடுத்தாள்.

"நீங்க இன்னைக்கு ஓட வேண்டாம் அத்தை. பாதி வேலை நான் முடிச்சாச்சு."

"என்ன வேலை?"

"கிண்ணம் கழுவுறது. முட்டி வலி, முட்டி வலின்னு ரெண்டு நாளா முனகிட்டிருந்தீங்களே. நேத்து டியூட்டி முடிஞ்சதும் நேரா சர்ச்சுக்குப் போயிட்டேன். வாட்ச்மேன்தான் பின்னறையைத் திறந்து விட்டாரு. எண்பத்து நாலையும் கழுவி, வெந்நீர்ல போட்டெடுத்து, துணியில கவுத்து வச்சிருக்கேன்."

மேசையம்மா டீயைக் குடிக்கவில்லை. டம்ளர் சூடு விரலைச் சுட்டது; அதுகூடத் தெரியவில்லை.

"ஒண்ணோட அடியில மட்டும் சிவப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு. நெயில் பாலிஷ் மாதிரி. யார் கையில இருந்து பட்டுச்சோ. சோப்புக்கு அசையவே இல்லை. எங்க வேலையில ரிமூவர் எப்பவும் பையில இருக்கும், ஒரு சொட்டு விட்டேன். பளிச்சுன்னு போயிடுச்சு."

சொல்லிவிட்டு மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். பாராட்டுக்காகக் காத்திருக்கிற முகம்.

"என்னம்மா, முகமே வெளுத்துப்போச்சு?" என்றான் மகன். "மருமக வேலை செஞ்சா மாமியாருக்கு வாயெல்லாம் பல்லாகணும். உனக்கு எல்லாமே தலைகீழ்."

"நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள் மேசையம்மா. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த மேசைத் துணி நாற்காலியிலேயே கிடந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் அதை மறந்தது அன்றுதான்.

சர்ச்சின் பின்னறை சின்னது. ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். மேசைமேல் எண்பத்து நாலு கிண்ணமும் வரிசையாகக் கவிழ்ந்து பளபளத்தன. கட்டைவிரல் உயரம்தான் ஒவ்வொன்றும். மேசையம்மா ஒவ்வொன்றாக எடுத்து அடியைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஒன்றில்கூட ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எது எந்தக் கிண்ணம் என்று படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. போனது போனதுதான், நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாள். தட்டை எடுத்துவைத்தாள். தட்டுக்கு நாற்பத்திரண்டு குழி, இரண்டு தட்டு. குழிக்கு ஒரு கிண்ணமாக இறக்கி, நீள மூக்குக் கெண்டியில் திராட்சரசம் ஊற்ற ஆரம்பித்தாள். முக்கால் கிண்ணம், அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது.

முதல் தட்டு முடியும்போது மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார்.

"எல்லாம் சரியா இருக்கா மேசையம்மா?"

"புள்ளி போயிடுச்சு தம்பி."

"போயிடுச்சுன்னா?"

"கழுவினதுல போயிடுச்சு." யார் கழுவினது என்று அவள் சொல்லவில்லை.

அவர் நெற்றியைத் துடைத்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி மருந்து கேட்டு வந்தால் கடையைத் திறந்து கொடுக்கிறவர்தான். ஆனால் நாலு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தவர் வாய் சும்மா இருக்குமா?

"அவங்கல்லாம் முன் பெஞ்சுல வந்து உக்காந்தாச்சு. இப்ப வந்து கேப்பாங்க, நான் என்ன சொல்றது? இன்னொண்ணுல வச்சிடுங்க."

"தம்பி, வேண்டாமே. மனசு கேக்கல."

"அப்ப ஒண்ணு செய்வோம். இன்னைக்கு அந்தப் பொண்ணு சும்மா உக்காரட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம். நானே போய்ப் பக்குவமாச் சொல்லிடுறேன்."

"ஐயோ, வேண்டாம்!" மேசையம்மா பதறிவிட்டாள். காலையில் வலது கை மேலயா இடது கை மேலயா என்று கேட்ட பிள்ளை. "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வச்சிடுறேன்."

அவர் போய்விட்டார். மேசையம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஒரு காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் ஒரு புள்ளி வைத்தாள். காயட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். பாட்டிலை மூடியை மூடாமலே மேசையில் விட்டாள். அறை முழுக்க அந்த வாசனை.

கதவு திறந்தது.

"அத்தை, இவ்வளவு மறதியா? துணியை விட்டுட்டு வந்துட்டீங்க. ரெண்டு பஸ் நிறுத்தம் ஓடியே வந்தேன் தெரியுமா..."

மருமகள் அதோடு நிறுத்திவிட்டாள். நீல உடை, நெஞ்சோடு அணைத்த வெள்ளைத் துணி. வாசனையை முதலில் பிடித்தது அவள் மூக்குதான். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

"இது என்னுது."

மேசையம்மா பாட்டிலின் மூடியைக் கையால் தேடினாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஒரே ஒரு நாள் போட்டேன். டியூட்டியில நகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது, மறுநாளே அழிச்சுட்டேன். டிராயர்ல வச்சிருந்தேன், காணோம்னு தேடினேன்." அவள் கண் ஜன்னல் பக்கம் போனது. கவிழ்ந்திருந்த கிண்ணத்தில் நின்றது. "நேத்து நான் தேய்ச்சு எடுத்தது இதைத்தான் இல்ல?"

மேசையம்மா கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கா?"

பொய் சொல்லலாம்தான். பதினெட்டு வருஷம் மேசை போட்ட வாய்க்குப் பொய் வரவில்லை. மேசையம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நாலு பேரு ஒரு மாதிரிப் பேசினாங்க கண்ணு. உன்னை வர வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். நீ எப்படியாவது உள்ள வந்துட்டாப் போதும்னுதான்..."

"எல்லாரும் வாய் வச்ச மிச்சத்தைக் கடைசியில நான்தான் குடிப்பேன்னு எவ்வளவு பெருமையாச் சொன்னீங்க. இருமல்காரங்க, சளிக்காரங்க, யாரையும் பாத்ததில்லைன்னு சொன்னீங்க. என் வாய் மட்டும் என்ன பண்ணுச்சு அத்தை?"

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் மேசையம்மா கட்டிப் பிடித்திருப்பாள்.

"எங்க இடத்துல கால் கட்டைவிரல்ல ஒரு அட்டை கட்டுவோம். யாரும் மாறிடக் கூடாதுல்ல, அதுக்கு. செத்தவங்களுக்குத்தான் கட்டுவோம். உயிரோட இருக்கிற ஆளுக்கு அடையாளம் வைக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கொண்டுவந்த துணியை மேசை ஓரத்தில் வைத்தாள். ஓரம் கசங்கியிருந்ததைக் கையால் நீவி விட்டாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். மகன் உள்ளே வந்தான்.

"என்ன சொன்ன அவகிட்ட? வெளியில குழாயடியில நிக்கிறா. கையைக் கழுவிட்டே இருக்கா. நிறுத்தவே மாட்டேங்கிறா. கேட்டா ஒரு வார்த்தை பேசல."

மேசையம்மா சொன்னாள். பாட்டில், புள்ளி, மருந்துக்கடைக்காரர், நாலு குடும்பம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எப்போதும் எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற பிள்ளை ஜன்னல் ஓரக் கிண்ணத்தை எடுத்து அடியைப் பார்த்தான்.

"அம்மா, அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்ட கைம்மா அது."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

அவள் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"அவளை நீ வீட்டுக்குக் கூப்பிட்டப்ப என்ன சொன்ன? மருமக இல்ல, மகள்னு சொன்ன. அவ அதை விடுதியில எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்தா." அவன் கிண்ணத்தைத் திரும்ப ஜன்னலில் வைத்தான். "நாங்க வேற வீடு பாத்துக்கறோம்மா. அவ கேக்க மாட்டா. நான்தான் சொல்றேன்."

மணி அடித்தது. ஆராதனை ஆரம்பம்.

மேசையம்மா இயந்திரமாக வேலை செய்தாள். துணியை விரித்தாள். அப்பத்தட்டை வைத்தாள். புள்ளி வைத்த கிண்ணத்திலும் திராட்சரசம் ஊற்றி இரண்டாவது தட்டில், தனக்குரிய கடைசிக் குழிக்கு முந்தினதில் இறக்கினாள். ஏன் இறக்கினாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம் பழகிவிட்டால் கை தானாக அதன் சொல்படி நடக்கிறது.

முன் பெஞ்சில் நாலு குடும்பமும் விறைப்பாக இருந்தன. மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். கடைசிப் பெஞ்சில், வாசலை ஒட்டி, மருமகள் உட்கார்ந்திருந்தாள். போகத் தயாராக இருக்கிறவர்கள் உட்காருகிற இடம் அது. பக்கத்தில் மகன், தலைகுனிந்தபடி.

அவள் எழுந்து போனால் திரும்பி வரமாட்டாள். இந்தச் சர்ச்சுக்கும் வரமாட்டாள், வீட்டுக்கும் வரமாட்டாள். மேசையம்மா பாட்டைப் பாடினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. போதகர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மாதாமாதம் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்.

"இது என்னோட மேசை இல்லை. கமிட்டியோட மேசையும் இல்லை. இங்க கூப்பிடுகிறவர் ஆண்டவர். நீ யாரு, எங்க பிறந்த, என்ன வேலை பாக்குறன்னு கேட்டுட்டு அவர் கூப்பிடறதில்லை. பசியோட வர்றவங்க எல்லாரும் வரலாம். வாங்க."

பதினெட்டு வருஷம் கேட்ட வார்த்தை. மேசைத் துணியில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அன்றுதான் அது அவள் காதுக்குள் போனது.

"பாஸ்டர், ஒரு நிமிஷம்."

ஆராதனை நடுவில் அவள் வாய் திறந்ததே இல்லை. போதகர் தட்டை நீட்டிய கையோடு நின்றார். மேசையம்மா அந்தக் கடைசிக்கு முந்தின குழிக்குள் விரலை விட்டு, கிண்ணத்தை எடுத்து, அடி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். திராட்சரசம் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது.

"இந்தக் கிண்ணத்தோட அடியில ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு. வச்சது நான். என் மருமக பொணத்தைக் கழுவுறவன்னு, அவளுக்குத் தனியா இருக்கட்டும்னு வச்சேன். கிருமிக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா. கிருமி எங்க மனசுல இருந்துச்சு."

யாரோ செருமினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து தன் பேர் வரும் என்று அவர் காது சிவந்துவிட்டது.

"யார் சொல்லிச் செஞ்சேன்னு கேக்காதீங்க. சொன்னது யாரா இருந்தாலும் கை என்னோடது. இனிமே இந்த மேசையை நான் போடலாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா இன்னைக்கு இந்தப் புள்ளியோட யாருக்கும் என்னால கொடுக்க முடியாது."

போதகர் முகத்தில் கோபமா, வெட்கமா, தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"பழைய கிண்ணம் எங்க இருக்கு?"

"அலமாரியில."

"எடுத்துட்டு வாங்க."

அவள் கொண்டுவந்தாள். போதகர் அந்தப் புள்ளிக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மீதமிருந்த ரசத்தை வெள்ளிக் கிண்ணத்துக்குள் கவிழ்த்தார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. எண்பத்து நாலையும் ஒவ்வொன்றாகக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்! அத்தனை நேரமும் யாரும் அசையவில்லை. மேசையம்மாவின் கண் கடைசிப் பெஞ்சை விட்டு நகரவில்லை.

"வாங்க" என்றார் போதகர் மறுபடியும்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மேசையம்மா போக முடியாது; மேசை போடுகிறவள் கடைசி. முன் பெஞ்சு போகாது. மற்றவர்கள் முன் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பெஞ்சில் மருமகள் எழுந்தாள்.

எழுந்தவள் மேசைப் பக்கம் திரும்பவில்லை. வாசலுக்குப் போனாள். கதவைத் தள்ளினாள். வெளியே போய்விட்டாள். மகன் பாதி எழுந்து, பெஞ்சைப் பிடித்தபடி அப்படியே நின்றான். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று மேசையம்மா நினைத்தாள்.

வெளியே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

தண்ணீர் கொட்டியது. உள்ளே அத்தனை பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையம்மாவுக்கு மட்டும் அந்தக் கணக்குத் தெரியும். உள்ளங்கை. விரல் இடுக்கு. நகத்தடி. முழங்கை வரைக்கும். ஆண்டவரே, ஆண்டவரே என்று மனசு அடித்துக்கொண்டது.

குழாய் நின்றது.

கதவு திறந்தது. முழங்கை வரை ஈரம் சொட்டச் சொட்ட மருமகள் நடுவழியில் நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முன் பெஞ்சைத் தாண்டினாள். மேசைக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்பு அருகே முழங்கால் போட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினாள். போதகர் அப்பத்தை வைத்தார். கிண்ணத்தைச் சாய்த்தார். அவள் குடித்தாள்.

போதகர் பழக்கத்தில் விளிம்பைத் துடைக்க வெள்ளைத் துணியை எடுத்தார். அடுத்தவருக்காக நிமிர்ந்து பார்த்தார்.

மேசையம்மா மேசையைச் சுற்றி முன்னால் வந்தாள். பதினெட்டு வருஷ வழக்கம் போனால் போகட்டும். வலிக்கிற முட்டியை மடக்கி மருமகள் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"துடைக்காதீங்க பாஸ்டர்."

அவர் கை நின்றது.

"திருப்பவும் வேண்டாம். அவ குடிச்ச பக்கமே கொடுங்க."

அப்பத்தை வாங்கிக்கொண்டாள். அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். அழுகையில் ரசம் தொண்டையில் சிக்கிப் புரையேறியது.

பின்னால் காலடிச் சத்தம். ஒன்று மகனுடையது, அது தெரியும். இன்னொன்று ஒரு பெண்ணின் செருப்பு. முன் பெஞ்சிலிருந்து, "ஏய், எங்க போற?" என்று மருந்துக்கடைக்காரர் தன் மனைவியிடம் குரலை அடக்கிக் கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் அவரும் எழுந்திருக்கிற சத்தம். மேசைக்கா, வாசலுக்கா? மேசையம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது பக்கத்தில் இருந்தது.

"கண்ணு" என்று கிசுகிசுத்தாள். "வந்துட்டியே. என்னை மன்னிச்சுட்டியா?"

மருமகள் முகத்தைத் திருப்பவில்லை. கையிலிருந்த ஈரம் மேசைத் துணி ஓரத்தில் சொட்டியது.

"இன்னும் இல்லை அத்தை. இங்க என்னைக் கூப்பிட்டது நீங்க இல்லையே. அதனாலதான் வந்தேன்."

உதட்டில் ஒட்டியிருந்த ரசத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"வீட்டுக்குக் கூப்பிட்டது நீங்க. அதைத்தான் யோசிக்கணும்."